பூவிலேயே குத்தகை போகும் கேம்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கிருஷ்ணகிரியில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரும் கடை வைத்திருக்கிறேன். எல்லோரும் கிராஃபிக்ஸ் கார்டு விலையைத்தான் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் ‘கேமை எந்தக் கடையில் வாங்குவது’ என்ற பஞ்சாயத்துதான். கடை என்றால் ஸ்டீம், எபிக் மாதிரி கம்ப்யூட்டர் கேமை நெட்டில் விற்று இறக்கித் தரும் தளங்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். திட்டி எழுதியிருந்த இரண்டு பேருக்கும் கீழே பதில் இருக்கிறது.

ஸ்டீமில் மட்டும்தான் கேம் வாங்கி வைத்திருக்கிறேன். நான் காத்திருக்கும் கேம் எல்லாம் எபிக்கில் மட்டும் வருகிறது. ஒரே கேம், ஒரே கம்ப்யூட்டர், எதற்கு இந்தப் பாகுபாடு?
*கல்லூரி மாணவர், காவேரிப்பட்டணம்*

உங்கள் ஊரைச் சுற்றி மாந்தோப்பு. தை மாசம் பூ நிற்கும்போதே வியாபாரி வந்து தோப்பைச் சுற்றிப் பார்த்து, ஒரு தொகை பேசி, முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார். காய் பிடிக்குமா, காற்றில் கொட்டுமா, மாங்கூழ் ஆலையில் கிலோ என்ன விலைக்கு எடுப்பார்கள் என்ற கவலையெல்லாம் அதற்குப் பிறகு அவருடையது. தோப்புக்காரர் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் அந்த வருஷத்துக் காயை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது.

எபிக் கேம் கம்பெனிகளிடம் செய்வதும் இதைத்தான். ‘இத்தனை பிரதி விற்கும் என்று வைத்துக்கொள்வோம், அந்தப் பணத்துக்கு நாங்கள் பொறுப்பு, பதிலுக்கு கொஞ்ச காலம் ஸ்டீமில் விற்காதே.’ அந்த உத்தரவாதத் தொகைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மினிமம் கேரண்டி.

இது ஏன் தேவைப்பட்டது? ஸ்டீம் 2003-ல் வந்தது. எபிக் கேம்ஸ் ஸ்டோர் திறந்தது 2018 டிசம்பரில். ஸ்டீம் விற்பனையில் 30% எடுக்கும். எபிக் 12% போதும் என்றது. வரியை விட்டுவிட்டுப் பார்த்தால், ஆயிரம் ரூபாய் கேமில் ஒருவர் 300 எடுக்கிறார், மற்றவர் 120. (எபிக் திறப்பதற்குச் சில நாள் முன்புதான் ஸ்டீமை நடத்தும் வால்வ், 1 கோடி டாலருக்கு மேல் விற்றால் அதற்கு மேற்பட்ட விற்பனைக்கு 25%, 5 கோடிக்கு மேல் 20% என்று இறங்கி வந்தது. அந்த நேரத்தைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை.) ஆனால் கமிஷன் குறைவு என்பதற்காக நீங்களும் நானும் கடை மாறுவோமா? நம் பழைய கேம்கள், நண்பர்கள் பட்டியல், சேவ் ஃபைல் எல்லாம் ஸ்டீமில் இருக்கின்றன. ஆட்களை இழுக்க எபிக்குக்கு வேறு வழி வேண்டியிருந்தது, பூவிலேயே தோப்பைப் பிடிக்க ஆரம்பித்தார்கள்.

மெட்ரோ எக்ஸோடஸ் 2019 பிப்ரவரியில் வந்தது. ஸ்டீமில் முன்பதிவு நடந்துகொண்டிருந்தபோதே, வெளியாக மூன்று வாரம் கூட இல்லாத நேரத்தில், எபிக்குக்குப் போனது. ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கு ஸ்டீமிலேயே கிடைத்தது, மற்றவர்கள் ஒரு வருஷம் காத்திருந்தார்கள். கன்ட்ரோல் கேமுக்குக் கைமாறிய தொகை சுமார் 95 லட்சம் யூரோ என்பது அதை வெளியிட்ட 505 கேம்ஸின் தாய்க் கம்பெனி டிஜிட்டல் ப்ரோஸின் கணக்கறிக்கையிலிருந்தே வெளியே தெரிந்தது. அதுவும் ஒரு வருஷம் கழித்து ஸ்டீமுக்கு வந்தது.

ஆலன் வேக் 2 வேறு கதை. 2023-ல் வந்த அந்த கேமுக்குப் பணம் போட்டதும் எபிக், வெளியிட்டதும் எபிக். அது குத்தகை இல்லை, சொந்தத் தோப்பு. ஆகவே ஒரு கேம் ஸ்டீமுக்கு வருமா என்று கேட்பதற்கு முன், பப்ளிஷர், அதாவது வெளியிடும் கம்பெனி, யார் என்று பாருங்கள். வேறு கம்பெனி என்றால் பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு வருஷத்தில் வந்துவிடும். (கிங்டம் ஹார்ட்ஸ் வரிசை மூன்று வருஷம் இழுத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.) எபிக்கே பப்ளிஷர் என்றால் காத்திருப்பதில் பயனில்லை, விளையாட ஆசை இருந்தால் அங்கேயே வாங்குங்கள். ஒரு கணக்கு கூடுதலாகத் திறந்தால் நம் மானம் போய்விடாது.

எபிக் கமிஷன் குறைவு என்கிறார்கள். அப்படியென்றால் அங்கே விலை குறைய வேண்டாமா? இரண்டு இடத்திலும் ஒரே விலைதானே போட்டிருக்கிறது?
*நிதி நிறுவன ஊழியர், தருமபுரி*

குறைய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். நூறு ரூபாய்க்கு மிச்சமாகும் 18 ரூபாயை யார் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்பவர் பப்ளிஷர். பெரும்பாலும் அவரே எடுத்துக்கொள்கிறார். தக்காளியை மண்டியில் கமிஷன் குறைத்து எடுத்தால் லாபம் விவசாயிக்கு வரும், ராயக்கோட்டைச் சந்தையில் வாங்கும் நமக்கு விலை இறங்கும் என்று கட்டாயமில்லையே.

இதில் ஒரு வழக்கும் உண்டு. வால்ஃபயர் கேம்ஸ் என்ற சிறிய அமெரிக்க கம்பெனி 2021-ல் வால்வ் மீது வழக்குப் போட்டது. வேறு கடையில் விலை குறைத்தால் ஸ்டீமிலிருந்து தூக்கிவிடுவோம் என்று அழுத்தம் தருகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. வால்வ் மறுக்கிறது. 2024 நவம்பரில் நீதிமன்றம் அதைப் கேம் செய்யும் பல டெவலப்பர்களுக்கும் சேர்த்த கூட்டு வழக்காக ஏற்றுக்கொண்டது.

என் கருத்தைக் கேட்டால்: கடைகளின் போட்டியால் இதுவரை லாபம் பார்த்தவர்கள் கேம் செய்பவர்கள். வாங்குபவனுக்குக் கிடைத்தது இலவச கேம்களும் அடிக்கடி வரும் கூப்பன்களும்தான்.

என் மகன் வாரம் ஒரு கேம் “ஃப்ரீயா கிடைச்சுதுப்பா” என்று எடுக்கிறான். இலவசமாக யார் தருவார்கள்? ஏதாவது மோசடியா?
*தொழிற்சாலை ஊழியர், ஓசூர்*

மோசடி இல்லை ஐயா. எபிக் வாரந்தோறும் கேம் இலவசமாகத் தருவது உண்மை. குறித்த நாளுக்குள் எடுத்துவிட்டால் கணக்கிலேயே இருக்கும், பிறகு பணம் கேட்க மாட்டார்கள். 2020 மே மாதம் ஜிடிஏ 5 இலவசம் என்றதும் கூட்டம் தாங்காமல் அவர்கள் தளமே சில மணி நேரம் படுத்துவிட்டது.

யார் செலவில் என்றால், எபிக் தன் சொந்த ஃபோர்ட்நைட் விளையாட்டில் சம்பாதித்த பணம். ஆப்பிளோடு எபிக் நடத்திய வழக்கில் வெளிவந்த கணக்கு இது: முதல் ஒன்பது மாதத்தில் இலவச கேம்களுக்காக எபிக் கொடுத்தது சுமார் 1.16 கோடி டாலர், புதிதாக வந்தவர்கள் கிட்டத்தட்ட 50 லட்சம் பேர். ஆளுக்கு இரண்டு டாலர் சொச்சம். பர்கூர் ஜவுளிக்கடையில் கட்டைப்பை தருகிறார்களே, அந்தக் கணக்குதான்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு இரண்டு. கேம் இலவசமாக இருக்கும், உள்ளே துப்பாக்கிக்கு வண்ணம், ஆளுக்குச் சட்டை என்று விற்பார்கள். உங்கள் கார்டு அவன் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அடுத்தது வயது. மேலே சொன்ன ஜிடிஏ பெரியவர்களுக்கான கேம். பையனுக்கு 12 வயது என்று எழுதியிருக்கிறீர்கள்.

காசு கொடுத்து ஸ்டீமில் வாங்கிய கேமைத் திறந்தால் இன்னொரு லாஞ்சர் (கேமைத் திறந்துவிடும் தனி ஆப்) திறந்து, அதில் தனியாக ஐடி, பாஸ்வேர்டு கேட்கிறது. இது என்ன அநியாயம்?
*பாலக்கோட்டிலிருந்து மூன்று பேர், கிட்டத்தட்ட இதே வார்த்தையில்*

அநியாயம்தான். பெரிய கேம் கம்பெனிகள் கமிஷன் மண்டிக்குப் போகாமல் ரோட்டோரம் சொந்தக் கூடை வைத்துப் பார்த்தார்கள், கூட்டம் மண்டியிலேயே இருந்ததால் திரும்பி வந்தார்கள். கூடையை மட்டும் கையோடு தூக்கி வந்துவிட்டார்கள். நீங்கள் பார்க்கும் இரண்டாவது லாஞ்சர் அந்தக் கூடை.

இஏ கம்பெனி 2011-ல் ஆரிஜின் என்று சொந்தக் கடை திறந்தது. அடுத்த வருஷம் மாஸ் எஃபெக்ட் 3 ஸ்டீமுக்கு வரவில்லை. 2019 கடைசியில் ஸ்டீமுக்கே திரும்பினார்கள், ஆரிஜினையும் பிறகு மூடி இஏ ஆப் ஆக்கிவிட்டார்கள். பெதஸ்டா 2018-ல் ஃபால்அவுட் 76-ஐத் தன் லாஞ்சரில் மட்டும் விட்டது. 2020-ல் அது ஸ்டீமுக்கு வந்தது, 2022-ல் லாஞ்சரையே மூடினார்கள். அங்கே வாங்கியிருந்த கேம்களை ஸ்டீமுக்கு மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள், அதுவரை நல்லது. யூபிசாஃப்ட் 2019-ல் டிவிஷன் 2-ஐ ஸ்டீமுக்குத் தராமல் வைத்திருந்து 2023-ல் தந்தது. பிளிசார்டு கூட ஓவர்வாட்ச் 2-ஐ 2023-ல் கொண்டுவந்துவிட்டது. தனியாக நின்று தாக்குப்பிடிப்பவர்கள் வேலரன்ட் கேம் செய்த ரயட் மாதிரி சிலர்தான். வேலரன்ட் விளையாடுபவன் அதற்காக எந்த லாஞ்சரையும் போட்டுக்கொள்வான்.

சில நேரம் ஆட்டக்காரர்கள் கத்தினால் நடக்கவும் செய்கிறது. ஹெல்டைவர்ஸ் 2 வந்து மூன்று மாதம் கழித்து, ஸ்டீமில் வாங்கியவர்களும் பிளேஸ்டேஷன் கணக்கை இணைத்தே ஆக வேண்டும் என்று 2024 மே மாதம் சோனி சொன்னது. அந்தக் கணக்கே திறக்க முடியாத நாட்டுக்காரர்களும் கேமை வாங்கியிருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய சில நாளில் பின்வாங்கினார்கள்.

நடைமுறை யோசனை ஒன்று. இந்த இரண்டாவது கணக்குகளுக்கு எல்லாம் ஒரே மின்னஞ்சலை வையுங்கள். நான் ஒரு கணக்கைப் பழைய செல் நம்பரோடு தொலைத்துவிட்டு, ஸ்டீமில் ரசீது இருந்தும் அந்த கேமைத் திறக்க முடியாமல் நாலு மாதம் அலைந்திருக்கிறேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், தப்பில் பாதி என்னுடையது.

வேறு வெப்சைட்டில் பாதி விலைக்கு ‘கீ’ (ஸ்டீமில் போட்டால் கேம் நம் கணக்கில் சேரும் குறியீடு) விற்கிறார்கள். வாங்கலாமா?
*கிருஷ்ணகிரி*

கேம் செய்தவரே அனுமதித்து விற்கும் கடை என்றால் வாங்கலாம். தன் கேமுக்கான ஸ்டீம் கீயை டெவலப்பர் வேறு இடத்தில் விற்க வால்வ் அனுமதிக்கிறது, அதில் கமிஷனும் எடுப்பதில்லை. முகம் தெரியாத ஆள் விற்கும் கீ வேண்டாம். 2015-ல் திருட்டு கார்டில் வாங்கியவை என்று சொல்லி ஃபார் க்ரை 4 கீகளை யூபிசாஃப்ட் ரத்து செய்தது. வாங்கியவர்கள்தான் முழித்தார்கள்.

எங்கள் பக்கம் நெட் மாட்டுவண்டி வேகம். 100 ஜிபி கேமை தருமபுரியில் இருக்கும் நண்பன் ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்து தருகிறேன் என்கிறான். வேலை செய்யுமா?
*பென்னாகரம்*

செய்யும். உங்கள் கணக்கிலும் அந்த கேம் வாங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்டீம் என்றால், நண்பரின் ‘ஸ்டீம்ஆப்ஸ்’ ஃபோல்டருக்குள் ‘காமன்’ என்று ஒன்று இருக்கும். அதில் கேமின் ஃபோல்டரை எடுத்து, உங்கள் கம்ப்யூட்டரில் அதே இடத்தில், அதே பெயரில் வைத்துவிட்டு இன்ஸ்டால் அழுத்துங்கள். இருக்கும் ஃபைலை அதுவே கண்டுபிடித்துச் சரிபார்த்து, குறைவதை மட்டும் இறக்கும். இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே வைஃபையில் இருந்தால் காப்பி வேலையும் வேண்டாம். 2023 முதல் ஸ்டீமே பக்கத்து மெஷினிலிருந்து எடுத்துக்கொள்ளும் வசதி தந்திருக்கிறது.

எபிக் கொஞ்சம் அடம் பிடிக்கும். முதலில் இன்ஸ்டால் அழுத்தி, ஒன்றிரண்டு சதவீதம் இறங்கியதும் நிறுத்தி, லாஞ்சரை மூடிவிட்டு, உருவான ஃபோல்டருக்குள் நண்பரின் ஃபைல்களைப் போட்டு, திரும்பத் திறந்து தொடருங்கள். நடுவில் உருவாகும் ‘.இஜிஸ்டோர்’ (.egstore) ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். ஜிஓஜி கடையில் வாங்கினால் இந்த வித்தை எதுவும் வேண்டாம், இன்ஸ்டாலர் ஃபைலாகவே தந்துவிடுவார்கள். நெட் மோசமான ஊர்க்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது அந்தக் கடையைத்தான். விற்பனைக்கு இருக்கும் பெரிய புது கேம்கள் அங்கே குறைவு, அது ஒன்றுதான் குறை.

இத்தனை வருஷமாக வாங்கியதெல்லாம் எனக்குச் சொந்தம்தானே?
*அரூர்*

இல்லை. பட்டா உங்கள் பேரில் கிடையாது, அனுபவித்துக்கொள்ள அனுமதி மட்டும்தான். ஸ்டீம் கார்ட்டில் பணம் கட்டும் இடத்திலேயே ‘நீங்கள் வாங்குவது உரிமம்’ என்று 2024 அக்டோபர் முதல் எழுதிவைத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் அப்படிச் சொல்லச் சொல்கிறது. யூபிசாஃப்ட்டின் ‘தி க்ரூ’ கார் கேமின் சர்வரை 2024 மார்ச் 31-ல் நிறுத்தினார்கள். தனியாக ஓட்டுவதற்கும் சர்வர் தேவைப்படும் கேம் அது, காசு கொடுத்தவர்களுக்கும் அன்றோடு சரி. அதனால், எப்போதும் நெட் கேட்கும் கேமுக்கு முழு விலை கொடுக்க நான் தயங்குவேன்.

வாங்கிய கேம் என் கம்ப்யூட்டரில் ஓடவே இல்லை. பணம் போனது போனதுதானா?
*ஊத்தங்கரை*

வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் காரணம் கேட்காமல் திருப்பித் தரும். எபிக்கிலும் பெரும்பாலும் இதே கணக்கு. ஜிஓஜியில் 30 நாள். கேமைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் அந்த நேரமும் ஓடும், ஜாக்கிரதை.

நாங்கள் மூன்று பேர், கிருஷ்ணகிரியில் வீட்டு மாடியிலேயே ஒரு சின்ன கேம் செய்கிறோம். எந்தக் கடையில் போடுவது? எபிக் எங்களுக்கும் குத்தகைப் பணம் தருமா?
*பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள்*

முதல் கேமுக்குக் குத்தகைக்காரர் வீடு தேடி வருவார் என்று எண்ணி உட்கார்ந்துவிடாதீர்கள். அந்தப் பணமெல்லாம் ஏற்கெனவே கூட்டம் காத்திருக்கும் கேமுக்குத்தான்.

ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்ட வேண்டும். விற்பனை 1000 டாலரைத் தாண்டினால் அது திரும்பி வரும். எபிக்கும் 2023 முதல் யார் வேண்டுமானாலும் போடலாம் என்று திறந்துவிட்டது. அதோடு 2025 ஜூன் முதல், ஒரு கேமுக்கு ஒரு வருஷத்தில் முதல் 10 லட்சம் டாலர் வரை கமிஷனே கிடையாது என்கிறது. கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் விற்காத கேமுக்குக் கமிஷன் 0 என்றாலும் 30 என்றாலும் ஒன்றுதான். சின்ன கேமைத் தேடி வருபவர்கள் ஸ்டீமில்தான் அதிகம். கேமின் பக்கத்தை இப்போதே போட்டு, விஷ்லிஸ்டில் (வாங்க நினைப்பவர்கள் குறித்துவைக்கும் பட்டியல்) ஆள் சேருங்கள். வெளியாகும் அன்று அவர்களுக்கெல்லாம் தகவல் போகும். இட்ச் தளத்தில் இலவச டெமோ ஒன்று வையுங்கள், அங்கே கமிஷன் எவ்வளவு என்பதை விற்பவரே முடிவு செய்யலாம்.

ஒரே கடையோடு கட்டிக்கொள்ள வேண்டாம் என்பதற்கு நம் மொழிக்கு நெருக்கமான உதாரணமே உண்டு. கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் சமையலைச் சொல்லும் ‘வெண்பா’ 2023 ஜூலையில் ஸ்டீம், ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் எல்லாவற்றிலும் ஒன்றாக வந்தது, முதல் நாளே மைக்ரோசாஃப்ட்டின் கேம் பாஸ் சந்தாவிலும் இருந்தது. அடுத்த வருஷம் அறிமுக கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதும் வாங்கியது.

கடிதத்தில் எல்லாம் எழுதிவிட்டு கேமின் பெயரை மட்டும் விட்டுவிட்டீர்கள். அனுப்புங்கள், விஷ்லிஸ்டில் போட்டுவைக்கிறேன்.