கடற்கரை விடுமுறை: எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது?

வெப்பமண்டலக் கடற்கரைக்குக் குறைந்த செலவில் போய்வருவது எப்படி என்று கேட்டு இந்த முறை நிறையக் கடிதங்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, நாங்கள் நண்பர்கள் நான்கு பேர். சீசன் இல்லாத மாதத்தில் டிக்கெட், ரூம் எல்லாமே மலிவாகக் கிடைக்கிறது. மழையில் மாட்டிக்கொள்வோமோ என்றுதான் பயம். துணிந்து போகலாமா?

போகலாம் தம்பி. ஆனால் மழைக்காலத்தின் நடு வேறு, ஓரம் வேறு. உச்ச சீசன் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களிலும், அது முடிந்த கையோடு வரும் இரண்டு மூன்று வாரங்களிலும் விலை இறங்கியிருக்கும், கடலும் பெரும்பாலும் ஒத்துழைக்கும். நான் தேதி பார்ப்பது அங்கேதான்.

மழை எனக்குப் பெரிய கவலை இல்லை. வெப்பமண்டலத்தில் பல நாட்கள் ஒன்றிரண்டு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு வானம் வெளுத்துவிடும். நான் பயப்படுவது காற்றுக்கு. காற்று கடலிலிருந்து கரையை நோக்கித் திரும்பி அலை எழும்பிவிட்டால், வெயில் பளீரென்று அடித்தாலும் கரையில் சிவப்புக்கொடிதான். படகு ஓடாது, தண்ணீர் கலங்கிவிடும், இறங்கவும் விடமாட்டார்கள். அதனால் மாத மழையளவோடு அந்தக் கரைக்கு எந்த மாதத்தில் எந்தத் திசைக் காற்று என்பதையும் பாருங்கள்.

தாய்லாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கரையில் இருக்கும் புக்கெட், கிராபி பக்கம் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. சிமிலன் தீவுகளின் கடல் பூங்காவையே ஆண்டுதோறும் மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை மூடிவிடுகிறார்கள். அதே நாட்டின் கிழக்குப் பக்கம், வளைகுடாவில் இருக்கும் கோ சாமுய் தீவில் கனமழை வருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ‘ஜூலையில் தாய்லாந்து போகலாமா?’ என்று கேட்டால் பதில் கிடைக்காது. எந்தக் கரை என்று கேட்க வேண்டும். கரீபியன் பக்கம் புயல் காலம் என்று அறிவிக்கப்பட்டிருப்பது ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரைதான் அதன் உச்சம். ஆனால் தெற்கு ஓரத்தில் இருக்கும் அரூபா, குராசவோ தீவுகளைப் புயல் நேரடியாகத் தாக்குவது அரிது.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். தீவிலிருந்து திரும்பும் படகையும் ஊர் திரும்பும் விமானத்தையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். கடல் ஒரு நாள் கோபித்துக்கொண்டால் படகு ரத்து. விமானத்தைத் தவறவிட்டுப் புது டிக்கெட் எடுத்தால், ஆஃப் சீசனில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே மூச்சில் போய்விடும். கடைசி இரவை விமான நிலையம் இருக்கும் கரையில் கழியுங்கள். மலிவான அறை போதும்.

கேள்வி: நான்கு பேர் குடும்பம். செக்-இன் பைக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். ஆளுக்கு 7 கிலோ கைப்பையோடு ஒரு வாரம் கடற்கரையில் சமாளிக்க முடியுமா? என் கணவர் முடியவே முடியாது என்கிறார்.

முடியும் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். கடற்கரை விடுமுறைக்குக் கனமான உடுப்பே தேவையில்லை. எடை கூடுவது ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எடுத்து வைக்கும் சாமான்களால்தான்.

முதலில் துணி. ஆளுக்கு இரண்டு நீச்சலுடை. ஒன்று காயும்போது இன்னொன்று உடம்பில். கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் தடித்த பருத்தி மறுநாள் காலையிலும் பிசுபிசுவென்றே இருக்கும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். சீக்கிரம் உலரும் மெல்லிய சட்டைகள் மூன்று, கால்சட்டைகள் இரண்டு, மாலையில் போட ஒரு நல்ல உடுப்பு. துவைக்க ஒரு துண்டு சோப்பும், கட்டிக் காயப்போட மெல்லிய கயிறும் போதும். குளியல் டவலுக்குப் பதிலாக மெல்லிய துண்டு வையுங்கள். துவட்டலாம், மணலில் விரிக்கலாம், தலையில் போட்டுக்கொள்ளலாம், ஏசி பேருந்தில் போர்த்திக்கொள்ளலாம். எடையுள்ள காலணி எதுவாக இருந்தாலும் பயண நாளில் காலில் இருக்கட்டும்.

கைப்பையில் போகும் திரவங்கள் பல விமான நிலையங்களில் 100 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது. பாட்டிலில் அச்சிட்டிருக்கும் அளவைத்தான் பார்ப்பார்கள். 200 மில்லி பாட்டிலில் கால்வாசிதான் மிச்சம் என்றாலும் பறிபோகும். ஷாம்பு, சோப்பு கட்டியாகவே கிடைக்கின்றன. அவற்றை எடுத்துக்கொண்டால் திரவங்களைப் போட்டு எடுத்துப் போகும் சின்னப் பிளாஸ்டிக் பையில் சன்ஸ்கிரீனுக்கு இடம் கிடைக்கும்.

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பையில் போடக் கூடாது. பொதுவாக 100 வாட்-அவர் வரை முன் அனுமதி கேட்பதில்லை. சாதாரணமாக விற்கும் 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க், 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-அவர். கவலையில்லை. ஆனால் பவர் பேங்க்கின் மேல் அச்சிட்டிருக்கும் அந்த எண் அழிந்து போயிருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். கிளம்பும் முன் திருப்பிப் பாருங்கள்.

குழந்தைகள் மீன் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் நீச்சல் கண்ணாடி, அதாவது மூக்கையும் மூடும் மாஸ்க், சொந்தமாக ஆளுக்கு ஒன்று எடுத்துப் போவது நல்லது. துடுப்புச் செருப்பு கனம், அதை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். மாஸ்க் மட்டும் முகத்துக்கு முகம் மாறும். வாங்கும்போது பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் மாஸ்க். நெற்றி முடி ஒரு இழை உள்ளே மாட்டினாலும் தண்ணீர் கசியும். புது மாஸ்க்கின் கண்ணாடியில் தொழிற்சாலையிலிருந்து வரும் ஒரு மெல்லிய படலம் இருக்கும். உள்பக்கம் பற்பசை தடவி விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் பனி மூட்டம் போலப் படிவது குறையும். வாடகை மாஸ்க்கில் தண்ணீர் புகுந்து பயந்த குழந்தை, அப்புறம் கடல் பக்கமே வராது. அதனால்தான் எடையில் இவ்வளவு கறாராக இருக்கும் நான் இதற்கு மட்டும் இடம் கொடுக்கிறேன்.

கேள்வி: எஸ்.பி.எஃப். 100 சன்ஸ்கிரீன் வாங்க வேண்டுமா? விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

வேண்டாம். எஸ்.பி.எஃப். என்பது வெயிலில் சருமம் சிவப்பதைத் தடுக்கும் திறனைக் காட்டும் எண். சரியாகப் பூசினால் எஸ்.பி.எஃப். 30 சருமத்தைச் சிவக்கவைக்கும் புற ஊதாக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98 சதவீதத்தை. அதற்கு மேல் கூடுவது கொஞ்சம்தான். சிக்கல் எண்ணில் இல்லை, பூசும் அளவில் இருக்கிறது. வளர்ந்த ஒருவர் நீச்சலுடையோடு உடம்பு முழுக்க ஒருமுறை பூச ஏறக்குறைய 30 மில்லி வேண்டும். 100 மில்லி பாட்டில் மூன்றே முறைக்கு! இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், தண்ணீரிலிருந்து எழுந்து துவட்டியதும் மறுபடியும் பூச வேண்டும். நான்கு பேருக்கு ஒரு வாரம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதனால் மிச்சம் பிடிக்கும் வழி துணிதான். உடம்போடு ஒட்டிய முழுக்கை நீச்சல் சட்டை, முழங்கால் வரை கால்சட்டை, அகல விளிம்புத் தொப்பி. இவ்வளவு போட்டுவிட்டால் பூச வேண்டியது முகம், காது, கழுத்தின் பின்புறம், புறங்கை, கெண்டைக்கால், பாதத்தின் மேல்பகுதி மட்டும். பாதத்தை எல்லோரும் மறக்கிறார்கள். செருப்புப் பட்டை படுகிற அந்த இடம் கன்றிப்போனால் அடுத்த மூன்று நாள் நடக்கவே முடியாது. வெயிலை அளக்கக் கருவி வேண்டாம், உங்கள் நிழலைப் பாருங்கள். அது உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை என்று பொருள். அந்த நேரத்தில் மர நிழலுக்குப் போய்விடுங்கள். மாநிறம், கறுப்பு என்பதால் ஒன்றும் ஆகாது என்று அசட்டையாக இருக்காதீர்கள்.

வாங்கும் முன் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள். பலாவ் நாடு 2020 ஜனவரி 1 முதலும், ஹவாய் 2021 ஜனவரி 1 முதலும் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற வேதிப்பொருட்கள் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையைத் தடை செய்திருக்கின்றன. பவளத்துக்குக் கெடுதல் என்பதுதான் காரணம். நாம் பார்க்க ஆசைப்பட்டுப் போவதே அந்தப் பவளத்தைத்தான், இல்லையா? துத்தநாக ஆக்சைடு கலந்ததைத் தேடுங்கள். கொசு விரட்டியும் பூச வேண்டியிருந்தால் சன்ஸ்கிரீன் முதலில், கொசு விரட்டி அதற்கு மேல். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிக்கும் என்பதால் இரண்டும் ஒரே நேரத்தில் தேவைப்படும்.

கேள்வி: கடலைப் பார்த்த அறைக்கும் இரண்டு தெரு தள்ளிய அறைக்கும் வாடகை வித்தியாசம் அதிகம். எதை எடுப்பது?

இரண்டு தெரு தள்ளியதை. நடந்து போகும் தூரம் என்றால் தயங்கவே வேண்டாம். குளிர்பதனப் பெட்டியும் சின்ன அடுப்பும் இருந்தால் இன்னும் நல்லது. காலை உணவு அறையிலேயே முடிந்துவிடும்.

ஆனால் வாடகையை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். தீவு என்றால் படகுக் கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள். மலிவான அறைக்கு விரைவுப் படகு ஒன்றுதான் வழி என்றால் அது மலிவே இல்லை. பொதுப் படகு எந்தெந்தக் கிழமை ஓடுகிறது என்று கேட்டுவிட்டு அறை பிடியுங்கள்.

அப்புறம், அந்தக் கரையின் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விளம்பரப் படம் எப்போதும் உயர் ஓதத்தில், அதாவது கடல் ஏறியிருக்கும் நேரத்தில், எடுத்ததாக இருக்கும். சில கரைகளில் கடல் உள்வாங்கினால் வெகுதூரத்துக்குச் சேறும் பாறையும்தான், இடுப்பளவு தண்ணீருக்கே நீண்ட தூரம் நடக்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம். ஓத அட்டவணை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

கேள்வி: அறுபத்தெட்டு வயது அம்மாவையும் ஏழு வயது மகனையும் அழைத்துப் போகிறேன். இருவருக்கும் நீச்சல் தெரியாது. எதற்குச் செலவு செய்ய வேண்டும், எதற்கு வேண்டாம்?

உயிர்காப்பாளர் இருக்கும் கரைக்கு அருகில் தங்கச் செலவு செய்யுங்கள் அம்மா. வேறு எதில் வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளுங்கள், இதில் வேண்டாம். பல நாடுகளில் மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமான இரண்டு கொடிகளை நட்டிருப்பார்கள். அவற்றுக்கு இடைப்பட்ட பகுதிதான் அவர்கள் கண்காணிப்பில் இருப்பது. முழுச் சிவப்பு என்றால் இறங்கக் கூடாது.

பையனுக்கு அவன் எடைக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட் வேண்டும். காற்றடைத்த வளையத்தை நம்பாதீர்கள். கரையிலிருந்து கடல் பக்கம் காற்று வீசினால் அது குழந்தையோடு நகர்ந்துவிடும். அலைகள் வரிசையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓர் இடம் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருமையாகத் தெரிந்தால் அங்கே இறங்காதீர்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பக் கடலுக்குப் பாயும் வழி அது. பார்க்கச் சாதுவாக இருப்பதால்தான் நிறையப் பேர் அங்கேயே போய் நிற்கிறார்கள். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்தத் தெரிந்தவர் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி வெளியே வரலாம்.

அம்மாவுக்கு அன்றாட மாத்திரைகளைக் கூடுதலாகச் சில நாட்களுக்கும் சேர்த்து, மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் சிலவும் இருக்கட்டும். வெயிலில் தளர்ந்துவிட்டாலும் வயிறு கெட்டாலும் முதலில் தேடுவது அதைத்தான்.

கேள்வி: பயணக் காப்பீடு வீண் செலவா?

இல்லை. ஆனால் இரண்டு வரிகளைப் படித்துவிட்டு வாங்குங்கள்: கடல் விளையாட்டுகள் அடக்கமா, வாடகை ஸ்கூட்டரில் விழுந்தால் பணம் உண்டா. அந்த நாட்டில் செல்லும் ஓட்டுநர் உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால் பொதுவாகக் கைவிரித்துவிடுவார்கள்.

கேள்வி: எல்லோரும் கடலில் இறங்கிவிட்டால் பர்ஸையும் போனையும் யார் பார்ப்பது? லாக்கருக்குத் தினமும் பணம் கட்ட வேண்டுமா?

முறை வைத்து ஒருவர் கரையில் உட்காருவதே நல்லது. பாஸ்போர்ட்டையும் மற்ற அட்டைகளையும் அறையில் பூட்டிவிட்டு, அன்றைய செலவுக்கான பணமும் ஒரு அட்டையும் மட்டும் கொண்டுபோங்கள். எல்லோரும் சேர்ந்து இறங்க ஆசை என்றால் இடுப்பில் கட்டும் நீர்புகாப் பை வாங்குங்கள். வாங்கியதும் போனை வைத்துவிடாதீர்கள். முதலில் ஒரு காகிதக் கைக்குட்டையை உள்ளே வைத்து மூடி, வாளித் தண்ணீரில் கனமான எதையாவது மேலே வைத்து அரை மணி நேரம் அமிழ்த்துங்கள். எடுத்துத் துடைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். காகிதத்தின் ஓரம் கொஞ்சம் நனைந்திருந்தாலும் பையைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் மூடும் முன் அந்த அடைப்புப் பள்ளத்தில் மணல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும் முக்கியம். ஒரு மணல் துகள் சிக்கினாலே தண்ணீர் புகுந்துவிடும்.