மூட்டையை எறியாதீர்கள்: வீடற்றோர் காப்பகம் பற்றிய கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்து, ‘அருகிலுள்ள காப்பகத்தின் முகவரி தரவும்’ என்று மட்டும் கேட்டிருக்கின்றன. எந்த ஊருக்கு அருகில் என்று ஒருவரும் எழுதவில்லை. எனக்கு ஜோசியம் தெரியாது. சென்னை என்றால் மாநகராட்சி உதவி எண் 1913-க்குப் பேசுங்கள். மற்ற ஊர்களில் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ ‘நகர்ப்புற வீடற்றோர் காப்பகம்’ என்று சொல்லிக் கேளுங்கள். ‘அநாதை ஆசிரமம்’ என்று கேட்டால் உங்களை வேறு எங்காவது அனுப்பி வைப்பார்கள்.

எங்கள் தெருமுனையில் ஒரு பெரியவர் மூன்று மாதமாகப் படுத்திருக்கிறார். புகார் சொன்னேன், ஆட்கள் வந்தார்கள், அவர் வர மறுத்துவிட்டார். கட்டாயமாக அழைத்துப்போக வழி இல்லையா? – கே.எஸ்., பெரம்பூர்

இல்லை. காப்பகம் ஜெயில் அல்ல. ‘புகார்’ என்ற சொல்லையும் கொஞ்சம் யோசியுங்கள், அவர் குப்பைத்தொட்டி இல்லையே.

மறுப்பவருக்குக் காரணம் இருக்கும். கோயம்பேட்டில் மூட்டை தூக்குபவருக்கு நள்ளிரவுக்கு மேல்தான் வேலை, நகரத்தின் மறுகோடியில் கட்டில் கொடுத்து என்ன பயன்? சிலருக்கு நாயை விட்டு வர மனசு இருக்காது. கணவனும் மனைவியுமாகப் பிளாட்பாரத்தில் இருப்பவர்களை ஆண்கள் காப்பகத்துக்கு ஒருவர், பெண்கள் காப்பகத்துக்கு ஒருவர் என்று பிரித்தால் எப்படி வருவார்கள்? குடும்பமாகத் தங்கும் காப்பகங்கள் மிகக் குறைவு. இன்னொன்றும் உண்டு. பிச்சை எடுப்பதைத் தடுக்கும் 1945-ஆம் வருடச் சட்டம் ஒன்று இங்கே இருக்கிறது. அதன்படி ஆட்களைப் பிடித்து முகாமில் அடைத்த காலம் பழைய ஆட்களுக்கு இன்னும் மறக்கவில்லை. வேனைப் பார்த்தாலே நடுக்கம்.

நீங்களே போய் உட்கார்ந்து பெயரைக் கேளுங்கள். ஒருமுறை அல்ல, நாலு முறை. வர ஒப்புக்கொண்டால் மூட்டையோடு அழைத்து வாருங்கள்.

என் அப்பாவுக்கு வயது 78. நாங்கள் பெங்களூருக்கு மாறுகிறோம். அவரை மாநகராட்சிக் காப்பகத்தில் சேர்க்க என்ன நடைமுறை? – பெயர் வேண்டாம், வேளச்சேரி

வீடற்றோர் காப்பகம் வீடு இல்லாதவர்களுக்கு. உங்கள் அப்பாவுக்கு வீடு இருக்கிறது, அதைத்தான் நீங்கள் காலி செய்கிறீர்கள். பெற்றோர் பராமரிப்புச் சட்டம் என்று 2007-இல் ஒன்று வந்தது. அவர் கோட்டாட்சியரிடம் மனுப் போட்டால் மாதம் 10,000 ரூபாய் வரை நீங்கள் தரவேண்டி வரும். கைவிட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. பெரியவருக்கு உதவி தேவைப்பட்டால் அவரே முதியோர் உதவி எண் 14567-க்குப் பேசலாம். அந்த எண்ணை அவரிடம் எழுதிக் கொடுங்கள்.

நாங்கள் பத்து இளைஞர்கள். சாலையோரம் இருக்கும் மனநிலை பாதித்தவர்களை மீட்டு, முடி வெட்டி, குளிப்பாட்டி, புது உடை அணிவித்து வீடியோ போடுகிறோம். ஆனால் காப்பகங்கள் சேர்த்துக்கொள்ள மறுக்கின்றன. ஏன்? – மதுரையிலிருந்து ஒரு குழு

மறுக்கிறார்கள் என்றால் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. முடி வெட்டினோம், குளிப்பாட்டினோம், வீடியோ எடுத்தோம் என்று வரிசையாகச் சொல்கிறீர்கள். அவர் பெயர் என்ன? எந்த ஊர்? மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாரா? ஒன்றுமே இல்லை.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த காப்பகத்துக்கு உங்களைப் போல ஒரு குழு ஒருவரைக் கொண்டுவந்து இறக்கியது. மொட்டைத் தலை, பளபளவென்று முகம், புது வேட்டி. மூன்று நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலாம் நாள் வாய் திறந்து கேட்டது, “என் முடியை ஏன் எடுத்தீங்க? அது பழனிக்கு.” நேர்த்திக்கடனுக்காக வளர்த்த முடி. அதைவிடப் பெரிய நஷ்டம், ‘அழுக்கு மூட்டை’ என்று குழு வீசிவிட்டு வந்த பை. வங்கிப் பாஸ்புக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டும் அதில்தான் இருந்தனவாம். அந்தச் சீட்டு கையில் இருந்திருந்தால் என்ன மருந்து, எந்த ஊர் என்று ஒரே நாளில் தெரிந்திருக்கும். எங்களுக்கு ஐந்து மாதம் ஆயிற்று. வீடியோ நன்றாக ஓடியது என்று கேள்விப்பட்டேன்.

முறை என்ன என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 100. மனநலம் பாதித்துத் தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் அலைபவரைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையத்தின் கடமை. தயவு அல்ல, கடமை. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல் போனவராக எஃப்ஐஆர் போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டும். உள்நோயாளியாகச் சேர்க்கத் தேவையில்லை என்று டாக்டர் சொன்னால், அப்புறம்தான் வீடற்றோருக்கான அரசு இல்லம். நீங்கள் நடுவில் உள்ள அத்தனையையும் தாண்டிவிட்டு நேராகக் கடைசிப் படிக்கு வருகிறீர்கள். மருத்துவச் சீட்டு இல்லாமல், போலீஸ் மெமோ இல்லாமல், இரவு பதினோரு மணிக்கு. ஐம்பது பேர் தூங்கும் கூடத்தில் ஒருவருக்கு வலிப்போ ஆவேசமோ வந்தால் ஒரே ஒரு பொறுப்பாளர் என்ன செய்வார்?

வீடியோ விஷயம். மனநல நிலையத்தில் சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. தெருவில் இருக்கும்போது எடுத்தால் பரவாயில்லையா என்று கேட்காதீர்கள். குணமாகி வேலைக்குப் போகும் ஒருவரின் முதலாளி அந்த வீடியோவைப் பார்த்து வேலையை விட்டு நிறுத்தியதையும் பார்த்திருக்கிறேன்.

பத்து பேர் இருக்கிறீர்கள் இல்லையா, நல்லது. கேமராவை வைத்துவிட்டு இரண்டு பேர் ஸ்டேஷனுக்கு, இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்கு, ஒருவர் அவர் பக்கத்தில். மூட்டை அவர் கையிலேயே இருக்கட்டும்.

பிளாட்பாரத்தில் வசிப்பவருக்கு வாக்காளர் அட்டை கிடைக்குமா? முகவரிச் சான்று இல்லையே? – ஜி.ஆர்., திருப்பூர்

கிடைக்கும். படிவம் 6-இல் அவர் தூங்கும் இடத்தை எழுதவேண்டியதுதான். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும், அதுவும் ஒரு இரவு அல்ல. பார்த்துவிட்டால் முகவரிக்குத் தனியாகச் சான்று தேவையில்லை. தேர்தல் ஆணையத்தின் விதியே இது. அலுவலருக்கே தெரியாமல் இருக்கலாம், பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். ஆதாருக்கு, அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்று செல்லும். அட்டைகள் வந்ததும் பிளாஸ்டிக் கவரில் போட்டு மூட்டைக்குள் வைக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் கரைந்துபோன அட்டைகள் ஏராளம்.

மனைவியை ஸ்டான்லியில் சேர்த்திருக்கிறேன். இரவில் எங்கே படுப்பது? – திருவண்ணாமலை வாசகர்

பெரிய அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் நோயாளியின் துணைக்கு வருபவர்களுக்கென்றே மாநகராட்சிக் காப்பகம் உண்டு. வார்டு நர்ஸிடம் கேளுங்கள். வெளியே லாட்ஜ் புரோக்கரிடம் கேட்காதீர்கள்.

எங்கள் ஊரில் எத்தனை காப்பகம் இருக்க வேண்டும் என்று ஏதாவது கணக்கு உண்டா? – எம்.ஏ., திருச்சி

உண்டு. உணவு உரிமை வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் போட்ட கணக்கு: லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், 24 மணி நேரமும், 365 நாளும். டெல்லிக் குளிரில் ஆரம்பித்த விவகாரம் என்பதால் குளிர்காலத்துக்கு மட்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். நமக்குக் குளிர் இல்லை, மழை இருக்கிறது. 2013-இல் வந்த நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தின்படி காப்பகம் ஒவ்வொன்றும் சுமார் நூறு பேருக்கு, ஆளுக்கு 50 சதுர அடி. திருச்சி 2011 கணக்கெடுப்பில் எட்டரை லட்சம். குறைந்தது எட்டு காப்பகம் வேண்டும், எண்ணிப் பாருங்கள்.

‘இங்கே அவ்வளவு வீடற்றோர் இல்லை’ என்று பதில் வரும். 2011-இல் வீடற்றோரை எண்ணியது பிப்ரவரி 28, ஒரே ஒரு இரவு. நாடு முழுக்க 17.7 லட்சம் என்று வந்தது. ஒரே இரவில் மேம்பாலத்தின் அடி, கடை வாசல், கோயில் மண்டபம் எல்லாவற்றையும் எண்ணி முடித்ததாக நம்புகிறவர்கள் நம்பலாம்.

காப்பகத்தில் எத்தனை நாள் தங்கலாம்? அதற்குப் பிறகு? – வி.பி., சேலம்

முதல் கேள்வி சுலபம். பெரும்பாலும் நாள் கணக்குப் பார்த்து வெளியே அனுப்புவதில்லை. இரண்டாவதில்தான் நாம் தோற்றுக்கொண்டிருக்கிறோம். செக்யூரிட்டி வேலைக்குப் போய் மாதம் பத்துப் பன்னிரண்டாயிரம் சம்பாதிப்பவர்கள் வருடக்கணக்கில் காப்பகத்திலேயே இருக்கிறார்கள். வாடகை கட்ட முடியும், அட்வான்ஸ் கட்ட முடியாது. மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ் என்று 2017 வாடகைச் சட்டம் சொல்கிறது, ஆனால் சென்னையில் வீட்டுக்காரர் கேட்பது வேறு. ஜாமீன் சொல்ல ஆள் வேறு வேண்டும்.

காப்பகத்துக்கும் சொந்த வாடகை வீட்டுக்கும் நடுவில் ஒரு படி தேவை. மனநலத் தொண்டு நிறுவனமான பான்யன் அமைப்பு ‘ஹோம் அகெய்ன்’ என்று செய்வது அதுதான். மனநோயும் தெரு வாழ்க்கையும் பார்த்தவர்கள் நாலைந்து பேர் சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் சேர்ந்து வசிக்கிறார்கள், உதவிக்கு ஒரு பணியாளர். சமையல், சண்டை, கேபிள் பில் எல்லாம் உண்டு. மற்றவர்களுக்கு இவ்வளவுகூட வேண்டாம். அட்வான்ஸ் தொகைக்கு ஒரு சுழல் நிதியும் முதல் ஆறு மாதம் எட்டிப் பார்க்க ஒரு ஆளும் போதும் என்பது என் கணக்கு. பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பு மாதிரி ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைப்பதை இதற்கு மாற்றாகச் சொல்லாதீர்கள். வேலை இருக்கும் இடத்தை விட்டுப் போனவர் பாதிநாள் திரும்பப் பிளாட்பாரத்தில்தான் படுப்பார்.

என் தங்கைக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. இலவசக் காப்பகத்தில் இடம் வாங்கித் தர முடியுமா? – தஞ்சாவூர்

முடியாது. வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் தோழி விடுதிக்கு விண்ணப்பியுங்கள்.

மகன் பிறந்தநாளுக்குக் காப்பகத்தில் பிரியாணி போட விரும்புகிறோம். ஞாயிற்றுக்கிழமை வரலாமா? – ஆர்.எல்., அண்ணா நகர்

ஞாயிறு மதியம் மூன்று குடும்பம் பிரியாணியோடு வந்து நிற்கும், மிச்சம் வாளியில் போகும். ஒரு வாரம் முன்பே போன் செய்து என்ன தேவை என்று கேளுங்கள். நகவெட்டி, உள்ளாடை, லுங்கி, நாப்கின், மூட்டைப்பூச்சி மருந்து என்பார்கள். பழைய பட்டுப்புடவை வேண்டாம். சாப்பாடுதான் போடுவேன் என்றால் செவ்வாய்க்கிழமை இரவு வாருங்கள், இட்லி போதும்.