மொரிஸ் மைனருக்கு சன்னி எஞ்சின்: ரேடியேட்டரைத் தொங்க விடாதீர்கள்

கேள்வி: அண்ணை, அப்பாவின் 1964ஆம் ஆண்டு மொரிஸ் மைனருக்கு டட்சன் சன்னி ஏ15 எஞ்சின் போட்டு ஓடுகிறேன். பழைய ரேடியேட்டர் காணாது என்று ஒரு பழைய வானின் பித்தளை ரேடியேட்டரைப் பொருத்தினார்கள். மூன்று மாதத்துக்குள் கீழ் டாங்க் மூலையில் இரண்டு தரம் ஒழுகி, இரண்டு தரமும் ஈயம் வைத்தாயிற்று. அலுமினிய ரேடியேட்டர் போட்டால்தான் சரிவரும், கொழும்பிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்று மெக்கானிக்குக்குத் தெரிந்த ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? படம் அனுப்பியிருக்கிறேன். (உப்புவெளி வாசகர்)

பதில்: வாங்காதீர்கள் தம்பி. முற்பணம் கொடுக்கவில்லை என்று நம்புகிறேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அங்கிள் இரும்பை பொடியோடு, அதாவது காரின் உடலோடு, வெல்ட் பண்ணி, அதில் ரேடியேட்டரை நாலு போல்ட்டில் இறுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கேயும் ஒரு துண்டு ரப்பர் இல்லை. கீழ் டாங்குக்கும் அடியிலுள்ள தகட்டுக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி தெரிகிறது. அதாவது தண்ணீரோடு எட்டுப் பத்துக் கிலோ வரும் சாமான் முழுவதும் அந்த நாலு போல்ட்டில் தொங்குகிறது. குழியில் விழும்போது முன்பக்கத் தகடு முறுகும், அந்த முறுக்கு போல்ட் வழியாக நேரே டாங்க் மூலைக்குப் போகும். ஈயம் மென்மையான பொருள், எத்தனை தரம்தான் தாங்கும்? உங்கள் ரேடியேட்டரில் குற்றமில்லை, அதைப் பிடித்து வைத்திருக்கும் விதத்தில்தான் குற்றம். இதே அங்கிளில் புது அலுமினியத்தை இறுக்கினால் அதுவும் வெடிக்கும், அலுமினியத்துக்கு இங்கே ஈயம் வைத்துத் தருகிற ஆளும் இல்லை.

ரேடியேட்டர் ஒரு பிள்ளையைப் போல மடியில் உட்கார வேண்டும். பாரம் முழுவதும் அடியில், ரப்பரின் மேல். மேலே பிடிப்பது அது முன்னும் பின்னும் சாயாமல் இருக்க மட்டும்தான். ஜப்பான் கார் எதையாவது திறந்து பாருங்கள், அடியில் இரண்டு முளைகள் ரப்பர்க் குழிக்குள் இறங்கியிருக்கும், மேலே இரண்டு சின்னப் பிடிகள், அவற்றிலும் ரப்பர். கையால் மேல் விளிம்பைப் பிடித்து ஆட்டினால் கொஞ்சம் அசையும். அசைய வேண்டும். அசைகிறதே என்று இறுக்குகிற மெக்கானிக்கை நான் வாழ்நாளில் நிறையப் பார்த்துவிட்டேன்.

அமெரிக்காவில் பழைய ஃபோர்டுகளில் பெரிய எஞ்சின் ஏற்றி ஹாட் ராட் கட்டுகிறவர்களுக்கு இது பாலபாடம். 1932ஆம் ஆண்டு ஃபோர்டில் ரேடியேட்டர் முன் குறுக்குச் சட்டத்தின் மேல் உட்காரும், உச்சியிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தட்டிக்குப் போய் அதை நிமிர்த்தி வைத்திருக்கும். அவ்வளவுதான்.

உங்களுக்குச் செய்ய வேண்டியது: அங்கிள் இரண்டையும் வெட்டி எடுங்கள். ரேடியேட்டரைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வெட்டுங்கள், கிரைண்டர் பொறி பட்டால் செட்டைகள் ஓட்டையாகும். பற்றரி வயரையும் கழற்றுங்கள். கீழே, இரண்டு முன் சட்டங்களுக்கும் குறுக்காக, டாங்கின் அகலத்துக்கு 2 அல்லது 3 மில்லிமீற்றர் தகட்டில் ஒரு யூ வாய்க்கால் அடித்து வையுங்கள். அதற்குள் 8 மில்லிமீற்றர் அளவில் தடித்த ரப்பர், லொறி மட்காட்டுக்குப் பின்னால் தொங்குமே, அந்த ரப்பர் போதும். பழைய டயரை வெட்டிப் போடச் சொல்வார்கள், வேண்டாம், உள்ளே இருக்கிற கம்பி வெளியே வந்து பித்தளையைத் தின்னும். வாய்க்காலின் அடியில் நாலைந்து துளை கட்டாயம் போடுங்கள். நீங்கள் இருப்பது கடற்கரையோரம், துளை இல்லாவிட்டால் உப்பும் மணலும் மழைத் தண்ணீரும் அதற்குள் தேங்கி, இப்போது ஒழுகுகிற அதே மூலையை அடியிலிருந்து அரித்துவிடும். பெயின்ற் அடித்த பிறகு பொருத்துங்கள், பொருத்திய பிறகு அடிப்பதாகச் சொன்னால் அடிக்கப் போவதில்லை என்று அர்த்தம்.

மேலே இரண்டு பிடி. ஒவ்வொன்றிலும் ரப்பர் புஷ், அதற்குள் ஒரு இரும்புக் குழாய்த் துண்டு, அதன் வழியாக போல்ட். குழாய்த் துண்டு எதற்கென்றால், போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் இறுக்கம் குழாயில் நிற்கும், ரப்பர் நசுங்காது. இந்தச் சின்னத் துண்டை விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்கிற பிழை. ரப்பர் இருக்கிறதே என்று காட்டுவார்கள், அது அப்பளமாக நசுங்கிக் கிடக்கும், இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருப்பதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

இங்கே ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. உங்களுக்கு இது தேவையில்லை தம்பி, ஆனாலும் தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கமிருந்து இதைக் கேட்டு வருகிறவர்கள் அதிகம் என்பதால் சொல்லிவிடுகிறேன். மொரிஸ் மைனரில் பொடியும் சட்டமும் ஒரே கூடு. வில்லிஸ் ஜீப், பழைய லாண்ட் ரோவர் அப்படி இல்லை, சேசி என்கிற அடிச்சட்டம் வேறு, பொடி வேறு, நடுவில் போல்ட். வயல் வரப்பில் ஒரு சில்லு ஏறும்போது சேசி ஒரு பக்கம் முறுகும், பொடி இன்னொரு பக்கம் போகும். ரேடியேட்டரை அடியில் சேசியிலும் மேலே பொடியிலும் விறைப்பாகப் பிடித்தால் இரண்டு மாடு இரண்டு பக்கம் இழுத்த கதைதான். கீழும் மேலும் ஒரே பொருளில் பிடியுங்கள், சேசியென்றால் இரண்டும் சேசி. முடியாவிட்டால் மேலே விறைப்பான பிடி வேண்டாம், அந்த ஃபோர்டு மாதிரி நீளமான மெல்லிய கம்பி, இரண்டு முனையிலும் ரப்பர். கம்பி நீளமாக இருந்தால் பொடி நகர்கிற அளவு அதன் முனையில் கரைந்துபோகும். கட்டைக் கம்பி போட்டால் கரையாது. நீளம், மெல்லியது, ரப்பர். மூன்றும் வேண்டும், இரண்டு போதாது.

சரி, மொரிஸுக்கு வருவோம். பொருத்திய பின் ஃபேன் இலைக்கும் கோருக்கும் (ரேடியேட்டரின் நடுவில் குழாயும் செட்டையும் உள்ள பகுதி) இடையில் ஒரு அங்குலமாவது விடுங்கள். பிரேக் அடிக்கும்போது எஞ்சின் முன்னுக்கு வரும். கோரில் பிறை வடிவக் கீறல் இருக்கிறதா என்று இப்போதே ரோச் அடித்துப் பாருங்கள், இருந்தால் உங்கள் எஞ்சின் மவுண்டும் போய்விட்டது. தண்ணீர் ஓடுகிற முழுச் சுற்றிலும் ரேடியேட்டரின் மூடிதான் உயரமான இடத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே காற்று அடைக்கும்.

இப்போது அந்தத் தரகர். இவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் பக்கம் போதாது. நல்ல பொருளும் கடைகளில் இருக்கிறது, நீங்களே கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போய் நாலு கடை ஏறி இறங்கிப் பார்க்கலாம், ஆனால் ‘எடுத்துத் தருகிறேன்’ என்பவர் எடுத்துத் தருவது பெரும்பாலும் கறுப்புப் பெயின்ற் அடித்த பழையதுதான். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தார்கள், இடையில் பழைய இரும்பெல்லாம் தங்க விலைக்குப் போய், இந்தத் தொழிலில் நேற்றுவரை இல்லாதவர்களெல்லாம் நிபுணர்களாகிவிட்டார்கள். பழைய ரேடியேட்டர் வாங்குவதென்றால் மூடியைத் திறந்து விரலை உள்ளே விட்டுத் தடவுங்கள். மஞ்சள் கறை ஒட்டினால் யாரோ வழியில் ஒழுக்கை நிறுத்த மஞ்சள்தூள் போட்டிருக்கிறார்கள், குழாய்கள் பாதி அடைபட்டிருக்கும். பிறகு சுடுதண்ணீர் ஊற்றிக் கோர் முழுவதும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த திட்டு இருக்கிற இடத்தில் தண்ணீர் ஓடவில்லை. இதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் வந்த பஸ்ஸிலேயே திரும்பி வாருங்கள்.

இன்னொன்று, வருடா வருடம் வரி அனுமதிப்பத்திரத்துக்காகப் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். பின்னால் குழாயில் கருவியை நுழைத்துப் பார்த்துக் கடதாசி தருகிறார்கள். முன்னால் குனிந்து, இந்த ரேடியேட்டரை யார் இப்படி வெல்ட் பண்ணினது என்று கேட்க ஒரு மனிதர் கிடையாது. எஞ்சின் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தில் மாற்றப் போனால் மட்டும் ஒன்பது கேள்வி. எனக்கு ஒருமுறை ஒரே கடதாசிக்கு மூன்று தரம் அலைச்சல், மூன்றாம் தரம் முதல் தரம் கொடுத்ததையே திருப்பிக் கேட்டார்கள். ஆனாலும் மாற்றுங்கள், நீங்களே போய் மாற்றுங்கள், அதையும் அந்தத் தரகரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? உப்புவெளியில் பெயரிலேயே உப்பு இருக்கிறது. கூலன்ட் வாங்குங்கள், கைக்கு எட்டாவிட்டால் வாடை மழையில் பிடித்து வைத்த தண்ணீர்.

எல்லாம் முடிந்ததும் இரண்டு இடத்தில் ஓடிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை பூசை நேரம் கோணேசர் கோவில் பக்கம், கோட்டை வாசலில் மான் குறுக்கே நிற்க நிற்க ஊர்ந்து போங்கள், அங்கே சூடு காட்டும் முள் ஏறினால் காற்றுப் போதவில்லை, ஃபேனுக்குக் கூடு அடிக்க வேண்டும். அப்புறம் கச்சான் காற்று அடிக்கிற மதியமாகப் பார்த்துக் கந்தளாய் வீதியில் 70இல் விடுங்கள். ஊர்ந்தபோது நன்றாக இருந்து அங்கே முள் ஏறினால் கோர் அடைப்பு, கழற்றிக் கம்பி விட்டுத் துப்புரவாக்கக் கொடுங்கள். நூறு கிலோமீற்றர் ஓடியபின் மேல் விளிம்பை ஒருக்கால் கையால் ஆட்டிப் பார்த்து, அசையாவிட்டால் ரப்பருக்குள் அந்தக் குழாய்த் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள்.