எல்ஃப் டெக்கில் எத்தனை எல்ஃப்?

வணக்கம் அண்ணா,

மல்லாவியிலிருந்து எழுதுகிறேன். போனில் மேஜிக் அரினா என்ற கார்ட் விளையாட்டை விளையாடுகிறேன். எல்ஃப் என்ற உயிர்க் கார்ட்களை வைத்துப் பச்சை நிற டெக் (ஆடும் கார்ட் கட்டு) ஒன்று கட்டியிருக்கிறேன். கையிலிருந்த எந்த எல்ஃபையும் விட மனம் வராமல் 75 கார்ட் ஆகிவிட்டது. அதில் மானா (கார்ட் இறக்கும் சக்தி) தரும் லேண்ட் 24, ஆர்ச்ட்ரூயிட் என்ற எல்ஃப் 2. மற்றதெல்லாம் பெரும்பாலும் ஒவ்வொன்றுதான். வெள்ளை டெக்காரர் நாலாவது டேர்னில் (ஆடும் முறையில்) எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். இப்படி ஒரே இனத்தை வைத்த தீம் டெக் வெல்லாது, வேறு டெக்கைப் பார்த்துக் கட்டு என்று கூட்டாளிமார் சொல்கிறார்கள். எல்ஃபை விடாமல் வெல்ல வழி இருக்கிறதா? நெட் இடையில் அறுந்தால் என்ன செய்வது?

அன்புள்ள தம்பி,

எல்ஃபை விட வேண்டாம், 15 கார்ட்டை விடுங்கள். உங்கள் டெக்கின் பலம் இரண்டு கார்ட்டில் இருக்கிறது. முதல் டேர்னில் இறங்கி மானா தரும் லனோவார் எல்வ்ஸ் ஒன்று. மூன்று மானாவுக்கு வந்து மற்ற எல்ஃப்களுக்கு +1/+1 (அடிக்கும் பலமும் தாங்கும் பலமும் ஒவ்வொன்று கூட) கொடுத்து, டேப் பண்ணினால் (சாய்த்துப் பயன்படுத்தினால்) களத்தில் உள்ள உங்கள் எல்ஃப் ஒவ்வொன்றுக்கும் ஒரு மானா தரும் எல்விஷ் ஆர்ச்ட்ரூயிட் மற்றது. இரண்டும் வராத ஆட்டத்தில் உங்களிடம் மிஞ்சுவது சின்னச் சின்ன 1/1, 2/2 கூட்டம்.

கணக்கைப் பாருங்கள். 60 கார்ட் டெக்கில் லனோவார் 4 இருந்தால், முதல் 7 கார்ட்டில் ஒன்றாவது வரும் வாய்ப்பு ஏறக்குறைய 40 வீதம். அதே நாலை 75 கார்ட்டுக்குள் போட்டால் 33 வீதமாக இறங்கிவிடும். இரண்டாவதாக ஆடுபவர் மூன்றாம் டேர்னில் 10 கார்ட் பார்த்திருப்பார். 60இல் 4 வைத்த கார்ட் அதற்குள் வந்திருக்க 53 வீத வாய்ப்பு உண்டு. ஒன்றே ஒன்று வைத்ததற்கு 17 வீதம் கூட இல்லை. ஒவ்வொன்றாகச் சேர்த்தவை ஒவ்வொரு ஆட்டத்திலும் வேறு வேறு டெக்காக வந்து நிற்பது இதனால்தான்.

இப்படிக் கட்டுங்கள்: ஃபொரஸ்ட் (பச்சை லேண்ட்) 22, லனோவார் 4, ட்வைனென்ஸ் எலீட் 4, ஆர்ச்ட்ரூயிட் 4, ட்வைனென் 3 (லெஜெண்டரி, அதாவது களத்தில் ஒன்றுதான் வைத்திருக்கலாம் என்பதால் நாலு வேண்டாம்), எதிராளியின் உயிரை அடிக்கும் பைட் டவுன் 4, உங்கள் உயிர்களுக்குப் பலம் கூட்டும் ஓவர்ரன் 2. இது 43. மீதி 17இல் 13ஐ இரண்டு, மூன்று மானா எல்ஃப்களால் நிரப்புங்கள், அதிலும் மூன்று நாலு வகைக்கு மேல் போக வேண்டாம். கடைசி 4 கார்ட் இழுக்கத் தருவதாக இருக்கட்டும். விரும்பிய ரெயர் (அரிய) கார்ட்டாக மாற்றக்கூடிய ரெயர் வைல்ட்கார்ட்டை முதலில் ஆர்ச்ட்ரூயிட்டுக்கே செலவழியுங்கள். மேலே பெயர் சொன்னவை எல்லாம் 2024 நவம்பரில் வந்த ஃபவுண்டேஷன்ஸ் தொகுப்பில் உள்ளவை. அந்தத் தொகுப்பு குறைந்தது 2029 வரை ஸ்டாண்டர்ட் என்ற ஆட்ட வகையில் இருக்கும் என்று மேஜிக்கை வெளியிடும் விஸார்ட்ஸ் நிறுவனம் அறிவித்திருப்பதால் வைல்ட்கார்ட் வீணாகாது.

ஒரு லேண்டும் ஒரு லனோவாரும் உள்ள கை ஆசை காட்டும். வைத்திருக்காதீர்கள். எதிராளி லனோவாரைச் சுட்டுவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். முல்லிகன் (கையை மாற்றி எடுப்பது) எடுத்தால் மறுபடி 7 பார்த்து ஒன்றைத்தான் அடியில் வைக்கப் போகிறீர்கள்.

இனி வரிசை. பலர் தோற்பது இங்கேதான். முதல் டேர்ன் லனோவார், இரண்டாம் டேர்ன் ஆர்ச்ட்ரூயிட் இறங்கிவிட்டதென்று வையுங்கள். மூன்றாம் டேர்னில் லேண்ட் 3. அவசரப்பட்டு ஆர்ச்ட்ரூயிட்டை உடனே டேப் பண்ணினால், களத்தில் இரண்டு எல்ஃப்தானே, 2 மானாதான் கிடைக்கும். முதலில் இரண்டு லேண்டால் எலீட்டை இறக்குங்கள். வேறொரு எல்ஃப் ஏற்கெனவே இருப்பதால் அது ஒரு எல்ஃப் டோக்கனையும் (கார்ட் இல்லாமல் களத்தில் உருவாகும் உயிர்) கொண்டுவரும். இப்போது எல்ஃப் 4, ஆர்ச்ட்ரூயிட் 4 மானா தரும். மீதி லேண்ட் ஒன்று, லனோவார் ஒன்று சேர்த்தால் 6. ட்வைனெனுக்கு 4, இன்னொரு எலீட்டுக்கு 2. மூன்றாம் டேர்னிலேயே ஏழு எல்ஃப்!

இதை அரினாவின் தானியங்கி டேப்பிங்கிடம் விட்டால் அது லனோவாரையோ ஆர்ச்ட்ரூயிட்டையோ முதலில் எடுத்துவிடக்கூடும். கார்ட்டைப் போடுமுன் எந்த லேண்ட் என்பதை விரலால் தொட்டு நீங்களே டேப் பண்ணுங்கள். ஆர்ச்ட்ரூயிட் தந்த மானா அந்தக் கட்டம் முடிந்ததும் அழிந்துவிடும், அடுத்த கட்டத்துக்குச் சேமிக்க ஏலாது. இறங்கிய டேர்னிலேயே அதை டேப் பண்ணவும் முடியாது.

ஆனால் எதிரே வெள்ளை டெக் என்றால் அந்த ஏழு எல்ஃபையும் இறக்காதீர்கள். டே ஆஃப் ஜட்ஜ்மென்ட் 4 மானா, எல்லா உயிர்களையும் அழிக்கும். மானாவாரி வயலில் விதைநெல் முழுவதையும் முதல் மழைக்கே விதைப்பதில்லை அல்லவா? எதிராளியிடம் நாலாவது லேண்ட் வரும் நேரம், களத்தில் இருப்பவை இரண்டு மூன்று டேர்னில் அவரை முடிக்கப் போதுமென்றால் இரண்டாவது எலீட்டையும் ஒரு ஆர்ச்ட்ரூயிட்டையும் கையிலேயே வைத்திருங்கள். அவர் துடைத்த மறு டேர்ன் அவற்றோடு திரும்ப எழும்பலாம். சிவப்பு டெக்கில் பைரோக்ளாஸம் இருந்தால் கதை வேறு. அது எல்லா உயிர்களுக்கும் 2 அடிதான். களத்தில் இரண்டு ஆர்ச்ட்ரூயிட் நின்றால் ஒன்றையொன்று தூக்கி இரண்டும் 3/3 ஆகித் தப்பிவிடும், டோக்கன்களும் கூட. எனவே சிவப்புக்கு எதிராக இரண்டாவது ஆர்ச்ட்ரூயிட்டைக் கெதியாக இறக்குவதே சரி.

கூட்டாளிமார் சொன்னது பற்றி: மேல் ராங்க்குகளில் எல்ஃபை விடப் பலமான டெக்குகள் உண்டு, அது உண்மை. ஆனால் நீங்கள் இப்போது தோற்பதற்குக் காரணம் 75 கார்ட்டும் 24 லேண்டும். 7 கார்ட் கையில் உங்களுக்குச் சராசரியாக 2.24 லேண்ட் வருகிறது. 60இல் 22 வைத்தால் அது 2.57 ஆகும்.

நெட் அறுந்தால் பதறாமல் செயலியை மூடித் திறவுங்கள். ஆட்டம் முடியாமல் இருந்தால் அதற்குள்ளேயே திரும்பலாம். அதற்குள் உங்கள் மீதி நேரத்தைக் காட்டும் கயிறு திரையில் எரிந்துகொண்டிருக்கும் என்பதால், எதிராளியின் டேர்னிலேயே உங்கள் வரிசையை யோசித்து வையுங்கள். டோக்கன் கூடிய டெக்குக்கு இது இரட்டிப்பாகத் தேவை. அப்டேட் பெரிதாக வரும், வைஃபை உள்ள இடத்தில் இறக்கிவிட்டு வாருங்கள்.

புதிய டெக்கை முதலில் அரினாவின் கணினி எதிராளியான ஸ்பார்க்கியோடு ஆடி வரிசையைப் பழகுங்கள், பிறகு ராங்க் இல்லாத ஆட்டங்களுக்குப் போங்கள். தோற்ற ஒவ்வொரு ஆட்டத்திலும் கையில் போடப்படாமல் கிடந்த கார்ட்டைக் குறித்து வையுங்கள். ஒரே பெயர் மூன்று தரம் வந்தால் அதில் ஒரு பிரதியை எடுத்துவிட்டு, எது வராமல் தவித்தீர்களோ அதைப் போடுங்கள். அந்தப் பட்டியலை எனக்கு அனுப்பினால் மீதி 17 இடத்தையும் சேர்ந்து பார்ப்போம்.