வெயில் காலமும் டயரும்: வாசகர் கேள்விகள்

மே மாதம் வந்துவிட்டால் பாதிக்கு மேல் டயர் கேள்விகள்தான். கவிழ்ந்த காரின் போட்டோவை மட்டும் அனுப்பி "ஏன் சார் இப்படி ஆச்சு?" என்று கேட்கிறார்கள். டயரின் போட்டோ எங்கே?

கே: இன்னோவா வைத்திருக்கிறேன். வெயிலில் டயர் வெடிக்காமல் இருக்க காற்றழுத்தத்தை நாலைந்து பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) குறைத்து வைக்கச் சொல்கிறார் பஞ்சர் கடைக்காரர். செய்யலாமா? (விருதுநகர்)

கூடாது. வருஷா வருஷம் இதையே எழுதுகிறேன், வருஷா வருஷம் இதே கேள்வி வருகிறது. டயரைத் தின்பது சூடு. காற்று குறைந்தால் சைடுவால், அதாவது டயரின் பக்கச் சுவர், ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். நூறு கி.மீ. வேகத்தில் இது நிமிஷத்துக்குச் சுமார் 800 தடவை நடக்கிறது. அந்தச் சூட்டில் டயருக்குள்ளே இருக்கும் எஃகுக் கம்பிப் பட்டைக்கும் (ஸ்டீல் பெல்ட்) ரப்பருக்கும் உள்ள பிடிப்பு விட்டுப்போகும். ஓட ஓட அழுத்தம் நாலைந்து ஏறத்தான் செய்யும். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் டிரைவர் கதவுப் பக்க ஸ்டிக்கரில் எண் கொடுத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 2000-இல் நடந்ததைக் கேளுங்கள். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயரின் ட்ரெட், அதாவது ரோட்டில் படும் மேல்பட்டை, ஓடும்போதே உரிந்து, வண்டிகள் உருண்டன. டெக்சாஸ், ஃபுளோரிடா, அரிசோனா என்று வெயில் மாநிலங்களில்தான் அதிகம். 270 பேர் வரை செத்தார்கள், 65 லட்சம் டயர்களைத் திரும்ப அழைத்தார்கள். பெல்ட் பிரியும் கோளாறு டயரிலேயே இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வண்டிக்கு ஃபோர்டு சொன்ன காற்று 26, டயர் கம்பெனி கேட்டது 30. டயர் மேல் தப்பு என்றது ஃபோர்டு, வண்டி மேல் தப்பு என்றது ஃபயர்ஸ்டோன். ஃபோர்டு நிறுவனரின் பேரனுக்கு ஃபயர்ஸ்டோன் நிறுவனரின் பேத்தியைக் கட்டிக்கொடுத்த சம்பந்தி வீடுகள் அவை. கிட்டத்தட்ட நூறு வருஷத்து வியாபார உறவு 2001-இல் முறிந்தது. டயரில் காற்று குறைந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரிய வேண்டும் என்ற சட்டம் அங்கே வந்ததே இதற்கப்புறம்தான். உங்கள் கடைக்காரர் அந்த 26-க்குத்தான் உங்களை அனுப்பப் பார்க்கிறார், அதுவும் ஏழு பேரையும் கேரியர் நிறைய மூட்டையையும் ஏற்றிக்கொண்டு. மாதம் ஒருமுறை, காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது, காற்று அளக்கும் சொந்த கேஜில் பாருங்கள். முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

கே: டயர் போனால் வண்டி ஏன் கவிழ வேண்டும்? (ஓசூர்)

பெரும்பாலும் டயர் கவிழ்ப்பதில்லை, அதற்கப்புறம் நாம் செய்வது கவிழ்க்கிறது. பின் டயர் போனதும் பயந்து பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கை ஒடிப்போம். வண்டி பக்கவாட்டில் சறுக்கும், வெறும் ரிம் தார் விளிம்பிலோ மண்ணிலோ குத்தும், உயரமான வண்டியென்றால் முடிந்தது. பிரேக்கைத் தொடாதீர்கள். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து நேராக வைத்து, ஆக்சிலரேட்டரை மெதுவாக விட்டு, வேகம் தானாக இறங்கிய பின் ஓரம் கட்டுங்கள். பின் சீட்டிலும் பெல்ட்.

கே: புது டயர் இரண்டுதான் வாங்க முடியும். முன்னால்தானே போட வேண்டும்? (தஞ்சாவூர்)

பின்னால். முன் சக்கர டிரைவ் என்றாலும் பின்னால்தான்.

கே: சைடுவாலில் எலுமிச்சை அளவு வீக்கம். ஊட்டி போய்வந்து மாற்றலாமா? (ஈரோடு)

இன்றே மாற்றுங்கள்.

கே: ஸ்டெப்னி ஒருநாள்கூட ஓடவில்லை, பட்டன் (ட்ரெட்) புத்தம் புதிதாக இருக்கிறது. வண்டிக்கு ஒன்பது வயது. அதையே போட்டுச் சென்னை போகலாமா? (கோவில்பட்டி)

பட்டனைப் பார்த்து வயது சொல்லாதீர்கள். சைடுவாலில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள்: 2316 என்றால் 2016-இன் 23-வது வாரம். ஓடாவிட்டாலும் ரப்பர் காய்ந்து வெடிப்பு விடும். ஆறு வயதைத் தாண்டினால் எனக்கு நம்பிக்கை இல்லை, பத்து என்றால் பேச்சே இல்லை. பக்கத்து டயர் கடை வரை மெதுவாக ஓட்டிப் போக மட்டும் அதைப் போடுங்கள்.

கே: நைட்ரஜன் அடித்தால் வெடிக்காதாமே? (மதுரை)

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அளவைச் சரியாகப் பாருங்கள், போதும்.

கே: டயர் வெடித்து எங்கள் கார் இன்னொருவர் மேல் மோதிவிட்டது. அது கடவுள் செயல், இழப்பீடு கிடையாது என்கிறார் இன்சூரன்ஸ்காரர். (சேலம்)

அந்த வாதத்தை 2023-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. டயர் வெடிப்பு கடவுள் செயல் அல்ல, கவனக்குறைவு என்றது. வக்கீலிடம் இதைச் சொல்லுங்கள். உங்கள் வண்டிக்கான கிளெய்மில் டயருக்குப் பொதுவாகப் பாதி விலைதான் தருவார்கள், அதுவும் வண்டிக்கும் சேதம் ஆகியிருந்தால்தான். தயாரிப்புக் கோளாறு என்று சந்தேகமா? கிழிந்த டயரையும், ரோட்டில் உரிந்து கிடந்த ட்ரெட்டையும், ரிம்மோடு பத்திரமாக வையுங்கள். பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு எனக்கு எழுதுபவர்களே அதிகம்.

கே: என் காருக்கு எவ்வளவு காற்று அடிக்க வேண்டும்? (ஊர், வண்டி, டயர் அளவு எதுவும் எழுதவில்லை)

கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படியுங்கள். டயரில் அச்சடித்திருக்கும் எண் உச்ச அளவு, அதை அடித்துவிடாதீர்கள்.