கருவி "குறை இல்லை" என்ற பிறகும்: ஸ்லைடு சோதனை பற்றிய கேள்வி பதில்

தயாரித்த ஸ்லைடுகள் பார்வையற்றோருக்கும் பார்வை குறைந்தோருக்கும் பயன்படுமா என்று தானியங்கிக் கருவிகளால் சோதிப்பது குறித்து வந்த கேள்விகளும் என் பதில்களும்.

இதற்கெனத் தனி மென்பொருள் வாங்க வேண்டுமா?

வேண்டாம். பவர்பாயிண்டில் 'ரிவ்யூ' பகுதிக்குள் 'செக் அக்சஸிபிலிட்டி' இருக்கிறது. மாற்று உரை (படத்தைச் சொற்களால் விவரிக்கும் குறிப்பு) இல்லாத படம், தலைப்பில்லாத ஸ்லைடு, தலைப்பு வரிசை குறிக்காத அட்டவணை, மங்கலான எழுத்து ஆகியவற்றைப் பட்டியலிட்டுவிடும். முதல் ஸ்லைடு தொடங்கும்போதே அதைத் திறந்து வையுங்கள். நாற்பது ஸ்லைடுகளை முடித்துவிட்டுத் திறந்தால் வரும் பட்டியலைப் பார்த்துப் பலர் கைவிட்டுவிடுகிறார்கள்.

கருவி ஒரு குறையும் காட்டவில்லை. ஆனால் பார்வையற்ற என் சக ஊழியர் ஒன்றும் புரியவில்லை என்கிறார். எதை நம்புவது, ஐயா?

அவரைத்தான் நம்ப வேண்டும். மாற்று உரைக்கான கட்டம் காலியாக இருக்கிறதா என்பதைத்தான் கருவி முதலில் பார்க்கிறது. அதில் "வரைபடம்" என்று ஒரே சொல்லை எழுதினாலும் திருப்தி அடைந்துவிடும். கேட்பவருக்கு அந்தச் சொல்லால் என்ன பயன்? "மூன்று ஆண்டுகளில் விற்பனை இரட்டிப்பானது, கடைசி ஆண்டில்தான் பெரும் உயர்வு" என்று எழுதினால், படத்தைப் பார்ப்பவர் பெறும் செய்தி அவருக்கும் கிடைக்கும். மென்பொருளே எழுதித் தரும் மாற்று உரையை அப்படியே விடாதீர்கள். படத்தில் என்ன தெரிகிறது என்று அதற்குச் சொல்ல வரும். நீங்கள் அதை ஏன் அங்கே வைத்தீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். வெறும் அலங்காரக் கோடு, பூ வேலைப்பாடு என்றால் விவரிக்கவே வேண்டாம். 'டெக்கரேட்டிவ்' என்று குறித்துவிடுங்கள்.

அடுத்து, வாசிப்பு வரிசை. பெரும்பாலான ஸ்லைடுகள் குழம்புவது இங்கேதான். திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் நம் கண்ணைப்போல மேலிருந்து கீழாகப் போவதில்லை. பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட வரிசையில், அடியில் இருப்பதிலிருந்து தொடங்கும். கடைசியாக ஒரு பெட்டியில் தட்டச்சு செய்து உச்சியில் இழுத்து வைத்த தலைப்பு, கடைசியாகவே வாசிக்கப்படும். வரிசையைச் சரிபார்க்கச் சொல்லிக் கருவி நினைவூட்டக்கூடும். எது சரியான வரிசை என்று அதனால் முடிவு செய்ய இயலாது. விண்டோஸில் ஆல்ட்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்தினால் 'செலக்‌ஷன் பேன்' திறக்கும். அதில் கீழே இருப்பது முதலில் வாசிக்கப்படும் என்பதை மறக்காதீர்கள்.

எங்களுடைய பழைய தமிழ் ஸ்லைடுகளில் எழுத்து திரையில் நன்றாகத் தெரிகிறது. திரைவாசிப்பான் மட்டும் ஏதோ உளறுகிறது.

பாமினி போன்ற பழைய எழுத்துருவாக இருக்கும். அவற்றில் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது, அவ்வளவுதான். திரைவாசிப்பான் உள்ளே இருப்பதை வாசிக்கிறது. சோதனைக் கருவியோ இதைக் குறையாகச் சொல்லாது. தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடுகள் கொண்ட ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்கப் படித்துப் பாருங்கள். இத்தனை ஆண்டுப் பாடக் குறிப்புகள் இப்படிப் பூட்டிக் கிடப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

எழுத்துக்கும் பின்னணிக்கும் எவ்வளவு நிற வேறுபாடு வேண்டும்?

இணைய உள்ளடக்கம் எல்லோருக்கும் எட்டுவதற்கான டபிள்யூசிஏஜி நெறிமுறையின் ஏஏ நிலைப்படி குறைந்தது 4.5:1. எழுத்து 18 புள்ளிக்குக் குறையாமலோ, தடித்த எழுத்து 14 புள்ளிக்குக் குறையாமலோ இருந்தால் 3:1 போதும். ஸ்லைடு எழுத்துகள் பெரும்பாலும் பெரியவைதானே என்று 3:1-இல் நின்றுவிடாதீர்கள். வெளிச்சமான அறையில் புரொஜெக்டர் எல்லா நிறத்தையும் வெளுக்கச் செய்துவிடும். புகைப்படத்தின்மேல் எழுதியிருந்தால் கருவியின் தீர்ப்பை நம்ப முடியாது. 'கலர் கான்ட்ராஸ்ட் அனலைசர்' என்ற இலவச மென்பொருளால் படத்தில் எழுத்தின் நிறத்துக்கு மிக நெருக்கமான இடத்தைத் தொட்டு அளந்து பாருங்கள்.

கூகுள் ஸ்லைட்ஸில்?

'கிராக்கிள்' என்ற துணைநிரல் உண்டு. அல்லது பவர்பாயிண்ட் கோப்பாக இறக்கிச் சோதிக்கலாம். திருத்தங்களை மூலக் கோப்பிலும் செய்துவிடுங்கள்.

பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் சிக்கல் தீருமா?

தீராது, கவனமில்லாவிட்டால் கூடும். 'பிரின்ட்' வழியாகப் பிடிஎஃப் ஆக்கினால் தலைப்பு, மாற்று உரை போன்றவற்றைத் தாங்கும் உட்குறிகள் பொதுவாகத் தொலைந்துவிடும். 'சேவ் ஆஸ்' வழியாகப் போய், விருப்பங்களில் அணுகல்தன்மைக்கான கட்டமைப்புக் குறிகளைச் சேர்க்கும் கட்டம் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு விண்டோஸில் இயங்கும் 'பேக்' (PAC) என்ற இலவசக் கருவியில் சோதியுங்கள். அனைவரும் அணுகக்கூடிய பிடிஎஃப்களுக்கான பிடிஎஃப்/யூஏ தரத்தின்படி அது அலசித் தரும்.

திரைவாசிப்பானைப் பயன்படுத்தத் தெரியாத நான் எப்படிச் சோதிப்பது?

விண்டோஸில் இயங்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். அதன் 'டூல்ஸ்' பட்டியலில் 'ஸ்பீச் வியூவர்' இருக்கிறது. பேசுவதையெல்லாம் எழுத்தாகவும் காட்டும். ஸ்லைடுக் காட்சியைத் தொடங்கி, கீழ் அம்புக்குறியால் ஒவ்வொரு வரியாகப் போங்கள். முதல் நாள் குரல் வேகமாகத் தோன்றும், அமைப்புகளில் குறைத்துக்கொள்ளலாம். மாற்று உரை எழுதிய நீங்களே கேட்பதைவிட, ஸ்லைடைப் பார்த்திராத ஒருவரைக் கேட்கச் செய்து, "இதில் என்ன சொல்லியிருக்கிறது?" என்று விசாரியுங்கள். அவர் தடுமாறும் ஸ்லைடிலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.