டிபிஎம் 1.2-ஐ 2.0 ஆக்குவது எப்படி? மலையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. கோயம்புத்தூரிலும் சென்னை ரிச்சி தெருவிலும் வாங்கி மலைக்குக் கொண்டுவந்த பழைய லேப்டாப்களில் விண்டோஸ் 11 ஏறுமா என்பதுதான் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை. எல்லாவற்றிலும் இடறுவது டிபிஎம் எனும் பாதுகாப்புச் சிப். விண்டோஸ் 11 அதன் 2.0 பதிப்பைக் கேட்கிறது, பழைய லேப்டாப்கள் பலவற்றில் இருப்பது 1.2.

கோத்தகிரியிலிருந்து: அண்ணா, டெல் லாட்டிட்யூட் இ7470 வாங்கியிருக்கேன். டிபிஎம் 1.2-ன்னு காட்டுது. கடைக்காரர் சிப்பையே மாத்தணும்ங்கிறார். நிஜமா?

இல்லை தம்பி. அந்தச் சிப் மதர்போர்டில் பற்றவைத்தது. யாரும் கழற்றி மாற்றுவதில்லை. சிப் அதேதான், அதற்குள் பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை மட்டும் மாற்றுகிறோம். உங்கள் மாடலுக்கு டெல்லே இலவசமாக ஒரு கருவி வைத்திருக்கிறது. ஆனால் அதற்கு முன் பிராசஸரைப் பாருங்கள். இ7470-இல் இருப்பது ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 11 கேட்பது, ஓரிரு விதிவிலக்கு தவிர, இன்டெல் எட்டாம் தலைமுறை முதல். ஐ5-6300யூ என்றால் ஆறு, ஐ5-8250யூ என்றால் எட்டு: கோட்டுக்கு அடுத்த எண்தான் கணக்கு. டிபிஎம் 1.2-இல் நிற்கும் லேப்டாப்களில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குக் கீழேதான். சிப்பைச் சரிசெய்தாலும் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் அவை வராது. கடைக்காரருக்குப் பணம் கொடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதே கோத்தகிரி: பரவாயில்லை, 2.0 ஆக்கிப் பார்க்கிறேன். வரிசையாச் சொல்லுங்க.

வரிசைதான் இதில் உயிர். முதலில், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் வசதியைப் போட்டிருந்தால் அதை முழுதாக அகற்றுங்கள். 'சஸ்பெண்ட்' மட்டும் செய்தால் அடுத்த ரீஸ்டார்ட்டிலேயே அது தானாகத் திரும்பிவிடும். நாமோ இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் செய்யப்போகிறோம். அப்புறம் 48 இலக்க மீட்புச் சாவியைத் தேடி அலைய வேண்டியதுதான். மெஷின் யுஇஎஃப்ஐ எனும் புதிய துவக்க முறையில் ஓடுகிறதா என்றும் பாருங்கள், பழைய லெகஸி முறையில் 2.0 சரிவர வேலை செய்யாது.

பிறகு பவர்ஷெல்லை நிர்வாகி உரிமையோடு திறந்து, டிபிஎம் ஆட்டோ புரொவிஷனிங்கை, அதாவது சிப்பை விண்டோஸ் தானாகத் தன்வசம் எடுப்பதை, 'டிசேபிள்' செய்யும் கட்டளையைக் கொடுங்கள். ரீஸ்டார்ட் செய்து எஃப்2 அழுத்தி, பயாஸ் எனும் துவக்க அமைப்புத் திரைக்குள் போய், செக்யூரிட்டி பகுதியில் டிபிஎம்மை 'கிளியர்' செய்யுங்கள். கிளியர் மட்டும், அணைத்துவிடாதீர்கள். விண்டோஸுக்குள் வந்ததும் வேறு எதையும் தொடாமல் டெல் கருவியை ஓட்டுங்கள். முடிந்ததும் ஆட்டோ புரொவிஷனிங்கை மீண்டும் 'எனேபிள்' செய்து, விண்டோஸின் டிபிஎம் மேலாண்மைத் திரையில் பதிப்பு 2.0 என வருகிறதா எனப் பாருங்கள். உள்நுழையப் போடும் விண்டோஸ் ஹலோ பின் எண்ணை மறுபடி அமைக்க வேண்டிவரும். அதன் சாவி பழைய சிப் நினைவோடு போய்விட்டது.

குன்னூரிலிருந்து: எல்லாம் செஞ்சேன் சார். கருவி மட்டும் 'டிபிஎம் ஓன்டு'ன்னு சொல்லி நிக்குது.

ஆட்டோ புரொவிஷனிங்கை நிறுத்த மறந்திருப்பீர்கள், அல்லது கிளியர் செய்த பிறகு நிறுத்தியிருப்பீர்கள். கிளியர் ஆன சிப்பை விண்டோஸ் துவங்கியதுமே தன்வசம் எடுத்துக்கொள்கிறது. சொந்தம் கொண்டாடப்பட்ட சிப்பில் கருவி கைவைக்காது. முதலில் நிறுத்து, பிறகு கிளியர், பிறகு ஓட்டு.

கொடைக்கானலிலிருந்து: என்கிட்ட இருக்கறது திங்க்பேட். டெல் கருவி மாதிரி எதுவும் கிடைக்கல.

தேவையே இருக்காது. எஃப்1 அழுத்தி பயாஸில் செக்யூரிட்டி சிப் பகுதிக்குப் போங்கள். அந்தக் காலத்துப் பல திங்க்பேட்களில் இரண்டு தேர்வு இருக்கும்: தனிச் சிப்பான 1.2, இன்டெல் பிடிடி எனும் 2.0. பிடிடி என்பது பிராசஸர் தொகுதிக்குள்ளேயே ஓடும் ஃபர்ம்வேர் டிபிஎம். அதைத் தேர்ந்து சேமித்தால் வேலை முடிந்தது. பிட்லாக்கர் எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும்.

கூடலூரிலிருந்து: லெகஸியை யுஇஎஃப்ஐக்கு மாத்தினேன், பூட் டிவைஸ் இல்லைன்னு வருது.

தரவு போகவில்லை, பதற வேண்டாம். லெகஸிக்கே திரும்பி விண்டோஸைத் திறங்கள். டிஸ்க்கைப் பிரித்துவைக்கும் முறை இரண்டு. உங்கள் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் இருக்கிறது, யுஇஎஃப்ஐக்குப் புதிய ஜிபிடி வேண்டும். விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்தே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி கூடவே வருகிறது. முக்கியக் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு, டிஸ்க் 0-க்கு முதலில் 'வேலிடேட்', அது தேறினால் 'கன்வர்ட்'. விண்டோஸுக்குள்ளிருந்தே ஓட்டுவதால் இரண்டு கட்டளையிலும் 'அலோஃபுல்ஓஎஸ்' சேர்க்க வேண்டும். டிஸ்க்கில் பிரைமரி பார்ட்டிஷன் (முதன்மைப் பிரிவு) மூன்றுக்கு மேல் இருந்தாலோ, பல உட்பிரிவுகளை அடக்கும் எக்ஸ்டென்டட் பார்ட்டிஷன் இருந்தாலோ வேலிடேட்டிலேயே நின்றுவிடும். பழைய லேப்டாப்களில் கடைக்காரர் டி, இ எனப் பிரித்துவைத்திருப்பது பெரும்பாலும் இந்த எக்ஸ்டென்டட்தான். மாற்றம் முடிந்த பிறகே பயாஸில் யுஇஎஃப்ஐ.

ஊட்டியிலிருந்து: பாதியில கரண்ட் போனா?

போகும், நம் ஊரில் மரம் விழ நேரம் காலம் கிடையாது. தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், ஊட்டி. ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல். பேட்டரி நிறைந்து, சார்ஜரும் செருகியிருந்தால் தப்பிக்கலாம். பேட்டரி செத்த லேப்டாப்பில் யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள். ஃபர்ம்வேர் எழுதும்போது நின்றால் சிப் திரும்ப எழாமல் போகலாம். இன்னொன்று, குளிர்ந்த வண்டியிலிருந்து எடுத்துவந்த லேப்டாப்பைக் கணப்பு போட்ட அறையில் உடனே போடாதீர்கள். உள்ளே நீர் பூக்கும். ஒரு மணி நேரம் அணைத்தே வைத்திருங்கள்.

மஞ்சூரிலிருந்து: ஆன்லைன்ல டிபிஎம் 2.0 மாட்யூல் விக்கிறாங்களே?

டெஸ்க்டாப் மதர்போர்டுக்கானது. லேப்டாப்பில் செருக இடமே இல்லை.

பண்ணைக்காட்டிலிருந்து: எச்பி லேப்டாப், 2.0 ஆயிடுச்சு. ஐ5-7200யூ. இன்னும் 'ஆதரவில்லை'ங்குது. விண்டோஸ் செட்டிங் எல்லாம் இருக்கற ரெஜிஸ்ட்ரில எதையோ மாத்தி 11 ஏத்த ஒரு வழி இருக்காமே?

இருக்கிறது. ஆனால் ஆதரவில்லாத மெஷினில் அப்டேட் வருவதற்கு மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. வங்கிக் கணக்கும் வரிக் கணக்கும் பார்க்கும் மெஷினில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸ் 10-க்கே நீட்டிப்பு அப்டேட் திட்டத்தில் சேருங்கள், 2026 அக்டோபர் 13 வரை ஓடும். அதன்பின் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் எனும் இலவச இயங்குதளம். அது டிபிஎம்மைக் கேட்பதே இல்லை. இன்னொரு விஷயம்: பல எச்பிகளில் இருப்பது இன்ஃபினியன் சிப். 2017-இல், ஆர்எஸ்ஏ எனும் மறையாக்க முறைக்கு அது சாவி உருவாக்கும் விதத்தில் 'ரோகா' என்ற ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. பதிப்பு 2.0 என்றாலும் ஃபர்ம்வேர் பழசாக இருக்கலாம், எச்பி தளத்தில் உங்கள் மாடலுக்கு டிபிஎம் அப்டேட் இருக்கிறதா எனப் பார்த்துவிடுங்கள்.